ரெண்டுன்னா ரெண்டு வள்ளம்

மன்னிப்புக் கேட்பதைவிட, இனிமேல் தப்பே வராத ஒரு ஷீட்டைச் செய்துவிடுவது சுலபம் என்று ரஞ்சிதா முடிவு செய்தது மார்கழி மாதத்தில். அதைச் செய்து முடிக்க நாலு மாதம் ஆனது. மன்னிப்புக் கேட்டிருந்தால் நாலு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் படித்தவர்களுக்கு எப்போதும் சுற்றுவழிதானே பிடிக்கும்!

அவள் ராசிபுரத்துப் பெண். கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் ஒரு விதைச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கட்டடம், உள்ளே விதை மூட்டைகள், முன்னறையில் இரண்டு மேஜை. அறுவடை முடிந்ததும் உறுப்பினர்களிடம் நல்ல சாமையாகப் பார்த்து வாங்கி வைத்து, மறு வைகாசியில் மழை இறங்கும்போது யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அளந்து கொடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்று ஷீட்டில் ஏற்றுவது ரஞ்சிதாவின் பொறுப்பு. இவர்கள் விதைக்கிற பெருஞ்சாமை மலைக்குக் கீழே எந்தக் கடையிலும் கிடைக்காது. சங்கத்தில் கிடைக்காவிட்டால் அந்த வருஷம் அந்தக் காடு சும்மா கிடக்க வேண்டியதுதான். வானம் பார்த்த நிலத்தைத்தான் இங்கே காடு என்பார்கள்.

போன வைகாசியில் அப்படித்தான் உறுப்பினர்களில் ஒருத்தியான பாப்பாத்தியின் காடு முக்கால்வாசி சும்மா கிடந்தது.

விதை வேண்டுபவர்கள் போனில் சொல்வார்கள். ரஞ்சிதா 'அளவு' என்ற கட்டத்தில் எண்ணைத் தட்டுவாள். ஷீட் ஓடியது படிக்கணக்கில். ஊர்க்காரர்கள் பேசுவது வள்ளத்தில். நாலு படி ஒரு வள்ளம். யாராவது "மூணு வள்ளமுங்க" என்றால் மனசுக்குள்ளேயே நாலால் பெருக்கிப் பன்னிரண்டு என்று தட்டிவிடுவாள். பாப்பாத்தி மட்டும் போனில், "நமக்கு ரெண்டு போட்டுக்க கண்ணு" என்றாள். அவள் ஊரில் ரெண்டு என்றால் ரெண்டு வள்ளம்தான். ரெண்டு வள்ளம் விதை பிடிக்கிற காட்டுக்குப் பேரே ரெண்டுக் காடு. விதையைப் போய் யாராவது படியில் சொல்வார்களா? படி என்பது சோற்றுக்கு அளக்கிறது. ரஞ்சிதாவுக்கு அது தெரியாது. அந்த நேரம் பார்த்து, டீ வந்துவிட்டதா என்று உள்ளேயிருந்து சங்கத்துச் செயலாளர் மோகன்ராஜ் சார் வேறு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் 2 என்று தட்டிவிட்டு டீக்குப் போனாள்.

விதை கொடுக்கிற அன்று எட்டுப் படிக்குச் சாக்கோடு வந்தாள் பாப்பாத்தி. இரண்டு படி அளந்து கொட்டினார்கள்.

"ஏனுங்க, நான் ரெண்டுன்னுதானுங்க சொன்னேன்" என்றாள் அவள்.

"ரெண்டுதானம்மா குடுத்திருக்கு" என்றார் மோகன்ராஜ்.

"இல்லீங்க, நான் ரெண்டு சொன்னேனுங்க."

"இதும் ரெண்டுதான்!"

இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்லிச் சண்டை போட்டதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. மிச்ச விதையெல்லாம் பேர் எழுதிக் கட்டியாகிவிட்டது, பிரித்துக் கொடுக்க வழியில்லை. பாப்பாத்தியின் புருஷன் செங்கோடனுக்கு அவமானமாகிவிட்டது. "சொல்லத் தெரியாதவள போன்ல பேச உட்டது என்ற தப்புங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு படி காட்டின் ஒரு மூலைக்குத்தான் வந்தது. மீதியில் புல் முளைத்தது. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் ரேஷன் அரிசிதான்.

மார்கழியில் வருஷாந்திர அறிக்கைக்காகப் பழைய ஷீட்டைத் திறந்தபோதுதான் ரஞ்சிதாவின் கண்ணில் அது பட்டது. அந்த ஊர்க்காரர்களின் வரிசையில் எட்டு, பன்னிரண்டு, ஆறு, பதினாறு, நடுவில் ஒரு இரண்டு. போனில் கேட்ட குரல் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. எல்லோரும் சிரித்தபோது அவளும்தான் லேசாகச் சிரித்திருந்தாள்.

அதை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். மலைப்பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் பிரிசில்லாவிடம். திண்டுக்கல்லிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவள், ரஞ்சிதாவோடு ஒரே வாடகை வீட்டில் தங்கியிருந்தாள். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிற பேர்வழி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போய்ச் சொல்லிடு" என்றாள் பிரிசில்லா.

"சொன்னா சங்கத்து மேலயே நம்பிக்கை போயிரும் டீச்சர்."

"சங்கத்து மேலயா, உன் மேலயா?"

ரஞ்சிதா வெங்காயத்தை எடுத்து உரித்தாள். அடுத்த வருஷம் இப்படி ஒரு தப்பு நடக்கவே முடியாதபடி ஷீட்டைச் செய்துவிட்டால் போதாதா என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள். போதாது என்றுதான் பிரிசில்லாவின் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் அவள் டீச்சர் அல்லவா, ஒருத்தி ஒழுங்காக ஒன்றைச் செய்கிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது.

"சரி, செய். ஆனா கம்ப்யூட்டரைத் தொடாத" என்று சொல்லி, பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பிப் போட்டாள். "முதல்ல படம் போடு. உங்க சங்கத்துல என்னென்ன இருக்கு, எதுக்கும் எதுக்கும் என்ன உறவு, அதைப் படமா வரை. படம் சரியா இருந்தா ஷீட் அதிலிருந்து தானா வரும். படமே இல்லாம கட்டம் கட்டினா தப்பு எங்க ஒளிஞ்சிருக்குன்னு கட்டினவளுக்கே தெரியாது."

ரஞ்சிதா ஒரு வட்டம் போட்டு 'ஆள்' என்று எழுதினாள். இன்னொன்றில் 'விதை'. மூன்றாவதில் 'அளவு'.

"அளவு யாருக்குச் சொந்தம்? ஆளுக்கா?"

"ஆளுதான டீச்சர் கேக்கறாங்க."

"ஆளு கேக்கறாங்க. ஆனா விதையை ஆளு மேலயா தூவறாங்க?"

அப்போதுதான் 'காடு' என்று ஒரு வட்டம் வந்தது. வந்ததும் எல்லாம் இடம் மாறியது. ஒரு ஆளுக்கு இரண்டு காடு இருக்கலாம். அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரே காடு இருக்கலாம். ஒவ்வொரு காடும் இத்தனை வள்ளம் விதை பிடிக்கும் என்பது காட்டின் சங்கதி, அது வருஷத்துக்கு வருஷம் மாறாது. இந்த வருஷம் இத்தனை வேண்டும் என்பது ஆளின் சங்கதி, அது மாறும். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு 'அளவு' என்று தலைப்பு வைத்தவளை என்ன செய்யலாம்? அந்தத் தலைப்பை வைத்தது தான்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இப்படியே போயின. மாசியில் சங்கத் தலைவர் அர்த்தனாரியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காடுகளை எழுதக் கிளம்பினாள். மலைக்கார விவசாயி, வாய் ஓயாத மனுஷர்.

"ஏனுங்க அம்மிணி, நாலு படி சாமை குடுக்கறதுக்கு மலையவே எழுதோணுமாக்கும்?" என்று ஒவ்வொரு மேட்டிலும் கேட்டார். கேட்டாலும், "இது மூணுக் காடு. அதா, அந்தப் பலாமரத்துக்குக் கீழ ஒன்னரைக் காடு. அது கருப்பண்ணன்து, ஆனா தம்பிக்கும் பாதி உண்டு" என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

ரெண்டுக் காட்டுக்கு வந்தபோது பாப்பாத்தி மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் புல் இடுப்பளவு நின்றது.

"வா கண்ணு, வெயில்ல வாரியே, உக்காந்து தண்ணி குடி" என்று செம்பை நீட்டினாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ரஞ்சிதாவுக்கு வாய்வரை வந்தது. அர்த்தனாரி பக்கத்தில் நிற்கிறாரே என்று ஒரு சாக்கு கிடைத்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, நோட்டில் 'ரெண்டுக் காடு, இரண்டு வள்ளம்' என்று எழுதிக்கொண்டு நடந்தாள். தான் செய்கிற ஷீட் இந்தப் பெண்ணுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. ஆனால் அது பாப்பாத்திக்கு எப்படித் தெரியும்?

"போன வருஷ ஷீட்டைக் காப்பி எடுத்துத் தேதியை மாத்தினா அரை நாள் வேலை. நீ என்னம்மா பிஎச்டி பண்ற மாதிரி பண்ற?" என்றார் மோகன்ராஜ். நாமக்கல்லிலிருந்து வாரம் மூன்று நாள் மலையேறி வருகிற அதிகாரி அவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் பஸ்ஸில் வந்து இறங்கினால் யாருக்கும் பொறுமை இருக்காதுதான்.

சித்திரைக் கடைசியில் ஷீட் தயாரானது. வெறும் எண்ணை மட்டும் தட்டினால் அது வாங்கிக்கொள்ளாது. வள்ளமா படியா என்று தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். பெருக்குவது அதன் வேலை, ரஞ்சிதாவின் மனசுக்கு அங்கே வேலை இல்லை. கணக்குப் போடும் கட்டங்களைப் பூட்டிவைத்துவிட்டாள், கை தவறிக்கூட அழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காடு எவ்வளவு பிடிக்கும் என்பது ஒரு பக்கம், ஆள் எவ்வளவு கேட்கிறார் என்பது மறுபக்கம். கேட்டது மிகவும் குறைந்தாலும் காட்டை மிஞ்சினாலும் வரி சிவப்பாகிவிடும். பாப்பாத்தியின் பழைய 2 படியைப் போட்டுப் பார்த்தாள். வரி மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

வைகாசியில் போன்கள் வந்தன. ரஞ்சிதா ஒவ்வொருவரிடமும் "வள்ளமுங்களா, படியுங்களா?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினாள். விதை கொடுக்கிற அன்று காலை, எல்லாம் ஏறியபிறகு மொத்தத்தைப் பார்த்தாள். அறுபத்து நாலு வரியில் முப்பத்தெட்டு சிவப்பு.

ஷீட் கெட்டுப்போயிற்றோ என்றுதான் முதலில் பயந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஷீட்டில் ஒரு குறையும் இல்லை. மூணுக் காட்டுக்காரர் ஆறு வள்ளம் கேட்டிருந்தார். ஒன்னரைக்காரர் மூன்று. பாப்பாத்தி நான்கு. முப்பத்தெட்டு பேரும் சொல்லிவைத்ததுபோல் இரட்டிப்பாகக் கேட்டிருந்தார்கள். இருக்கிற விதை தொண்ணூற்றாறு வள்ளம். கேட்டிருப்பது நூற்றுத் தொண்ணூறு.

"பேராசையைப் பாத்தியா? ஒன்னும் கவலைப்படாத. எல்லாத்தையும் பாதியா வெட்டு. ஒரே ஃபார்முலா. தொண்ணூத்தஞ்சு வருது, கச்சிதமா முடிஞ்சது" என்றார் மோகன்ராஜ்.

கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் சிவக்காத இருபத்தாறு பேரும் உள்ளதைச் சொன்னவர்கள். அவர்களுக்கும் பாதிதான் கிடைக்கும். போன வருஷம் ஒரு பாப்பாத்தி, இந்த வருஷம் இருபத்தாறு பாப்பாத்தி.

"வேண்டாம் சார்."

"அப்போ காடு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு குடுத்துடு. அதான் நடையா நடந்து எழுதிவச்சிருக்கியே."

அதற்கும் நூற்றுப் பதினெட்டு வள்ளம் வேண்டும். காடுகள் எல்லாவற்றிலும் முழுசாகச் சாமை விதைக்க மாட்டார்கள். பாதிக் காட்டில் மரவள்ளி நட்டிருப்பவர்கள் உண்டு. அது யார் யார், எவ்வளவு என்பது அவரவருக்கே வெளிச்சம். போன வருஷத்துத் தப்பு மறுபடி வராமல் ஷீட் பார்த்துக்கொள்ளும். ஆள் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லாவிட்டால் அது என்ன செய்யும்? சிவக்க மட்டும்தான் அதற்குத் தெரியும்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ரஞ்சிதா வாசலுக்கு வந்து பாப்பாத்தியைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, உங்க காடு ரெண்டுதானுங்க. நாலு வள்ளம் கேட்டிருக்கீங்களே?"

பாப்பாத்தி தயங்கவே இல்லை. "போன வருசம் வேணுங்கறதத்தான் கேட்டேன், எப்பிடி ஒளறினனோ. கால்வாசி குடுத்தீங்க. இந்த வருசம் ரெட்டையாக் கேட்டா பாதியாச்சும் வருமில்ல கண்ணு?"

"அதானுங்க" என்றார் பக்கத்தில் நின்ற செல்லமுத்து. "உள்ளதச் சொன்னா உங்க கம்ப்யூட்டர் பாதியத் தின்னுபோடுது. அதுக்கும் சேத்துத்தான் கேக்கோணும்."

கூட்டம் சிரித்தது. போன வருஷம் சிரித்த அதே கூட்டம்தான். பின்னாலிருந்து மோகன்ராஜ் "ரஞ்சிதா, நேரமாச்சு" என்றார். இனிமேல் ஒளிந்துகொள்ள எந்த ஷீட்டும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. நாலு மாதமாக எதைச் சொல்லாமல் இருப்பதற்காக இத்தனை உழைத்தாளோ, அதைச் சொன்னால்தான் அந்த உழைப்பே உருப்படும். படிக்கட்டில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. போன வருஷம் பாப்பாத்தியக்கா ரெண்டுன்னு சொன்னது ரெண்டு வள்ளமுங்க. அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நாந்தான் ரெண்டு படின்னு ஏத்திப்போட்டேன். தப்பு என்னுதுங்க. மார்கழியிலயே எனக்குத் தெரியும். பயந்துகிட்டு வெளிய சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. மோகன்ராஜ் மேஜைமேல் இருந்த முத்திரையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

பாப்பாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள். ஏசப்போகிறாள் என்றுதான் ரஞ்சிதா நினைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றாள் பாப்பாத்தி.

"அக்கா..."

"சத்தமாச் சொல்லு கண்ணு. எங்க ஊட்டுக்காரரு அந்தா பின்னால நிக்கறாரு. அவருக்குக் கேக்கோணும்."

ரஞ்சிதா தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னாள். "பாப்பாத்தியக்கா சரியாச் சொன்னாங்க. தப்புப் பண்ணினது நானு!" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

பாப்பாத்தி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஒரு வருசமா நாந்தான் ஏதோ ஒளறிப்போட்டேன்னு இருந்தேன் சாமி. கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாயத் தொறக்க பயம். பஸ்ஸுல டிக்கெட் கேட்டாக்கூட, சரியாத்தான் சொன்னனான்னு பக்கத்துல இருக்கறவிய மூஞ்சியப் பாப்பேன். காடு கெடந்தாக் கெடக்குது. எனக்கு என்ற பேச்சு மேலயே நம்பிக்கை போயிருச்சு."

ரஞ்சிதா அழுதுவிட்டாள். புல் முளைத்த காட்டை மட்டும்தான் அவள் இத்தனை நாள் கணக்கில் வைத்திருந்தாள். இது அவள் போட்ட படத்தில் எந்த வட்டத்திலும் இல்லை.

"அழுகாத கண்ணு. இப்பவாச்சும் சொன்னியே" என்ற பாப்பாத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எம்பேருக்கு நேரா இருக்கற நாலை அழிச்சுப்போடு. பாதிக் காட்டுல மரவள்ளி வச்சிருக்கறன். ஒரு வள்ளம் போதும்" என்றாள்.

ரஞ்சிதா உள்ளே ஓடிப்போய் மாற்றினாள். சிவப்பு போயிற்று. அவள் திரும்பி வந்தபோது செல்லமுத்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "எனக்கும் ஆறு வேண்டாமுங்க. மூணே ஜாஸ்தி. ரெண்டரை போடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. சிலர் வெட்கப்பட்டுச் சொன்னார்கள், சிலர் வேறு யாரோ தப்பாக எழுதியதுபோல் கோபித்துக்கொண்டு சொன்னார்கள். அர்த்தனாரிகூட, தலைவராயிற்றே, அரை வள்ளம் குறைத்துக்கொண்டார். உச்சிவேளைக்குள் மொத்தம் தொண்ணூற்று நாலில் வந்து நின்றது. முழு ஷீட்டும் வெள்ளை. மோகன்ராஜ் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அடுத்த அறிக்கையில போன வருஷத்தையும் திருத்தி எழுதிடும்மா. என் பேரையும் சேத்துப் போடு. நானும் கூட்டத்துல வாதம் பண்ணினேன்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

பாப்பாத்தியின் முறை வந்தது. அளக்கிறவர் வள்ளத்தைத் தலைதட்டி வழித்துச் சாக்கில் கொட்டினார். அதுவரை வேலியோரமாகவே நின்றிருந்த செங்கோடன் வந்து சாக்கின் வாயைக் கட்டினார். கட்டி முடித்தும் நிமிராமல் முடிச்சையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டுன்னுதான சொன்னேன்?" என்றாள் பாப்பாத்தி அவரைப் பார்த்து.

"ஆமா புள்ள" என்றார் செங்கோடன். "நீ ரெண்டுன்னுதான் சொன்ன."

சாக்கை அவர் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். பாப்பாத்தி முன்னால் நடந்தாள்.